நிறுவைக்கு முன் எடுத்த குருதி

என் தங்கையின் மருத்துவக் கோப்பில் ஒரு கணக்கீட்டின் முடிவு மூன்று முறை பதியப்பட்டிருக்கிறது. முதலாவது பதிவைக் குறுக்கே கோடிட்டு அடித்திருக்கிறார்கள். அது ஏன் அடிக்கப்பட்டது என்பதற்கு அக்கோப்பில் ஒரு வரி விளக்கமும் இல்லை. பிழை கணினியினுடையது அன்று. கணினியை இயக்கியவர்களுடையதும் அன்று. அது என் வாயிலிருந்து புறப்பட்டது. பின்னாளில் அக்கோப்பைப் புரட்டும் ஒருவர் அந்த ஆய்வாளர்களைக் குறைகூறிவிடக் கூடாது. ஆகவே நடந்ததை எழுதி வைக்க வேண்டியவன் நானே.

நாங்கள் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். நான் படித்து ஆசிரியனாகி, நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது ஹட்டனில் வாழ்கிறேன். தங்கை நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே இருந்து கொழுந்து பறிக்கிறாள். பத்து வயதில் அவளுக்கு மூட்டுகளை வீங்கச் செய்யும் காய்ச்சல் ஒன்று வந்தது. கஞ்சியும் கசாயமும் கொடுத்தார்கள், வீக்கம் வற்றியது, எல்லாரும் மறந்துவிட்டோம். அக்காய்ச்சல் அவளுடைய இதயத்தின் வால்வு ஒன்றைச் சிறுகச் சிறுகக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பது அவள் ஐம்பதைத் தாண்டி, மேட்டில் ஏற மூச்சின்றி உட்கார்ந்தபோதுதான் தெரிய வந்தது.

அறுவை மருத்துவர்கள் கெட்ட வால்வை எடுத்துவிட்டு, மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் சவ்வினால் செய்த ஒன்றைப் பொருத்தினார்கள். உலோகத்தாலானதை வைத்தால் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். மாதந்தோறும் குருதியைச் சோதித்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் ஒரு தொழிலாளிக்கு அது இயலாது என்று கருதியே சவ்வினாலானதைத் தெரிந்தெடுத்தார்கள். இதை நான் அவளுக்கு எடுத்துச் சொன்னபோது அவள் படுக்கையில் சாய்ந்தபடி கேட்டாள்:

“அது எந்தத் தோட்டத்து மாடுன்னு கேட்டீங்களா அண்ணே? நம்ம தோட்டத்து மாடுன்னா அதுவும் மேட்டைப் பார்த்தா நின்னுக்கிருமே.”

பக்கத்துப் படுக்கைக்காரியும் சிரித்தாள். அவளுக்குத் தையல் பிரிக்கப்படாத நெஞ்சு. சிரிப்பு வலித்திருக்க வேண்டும்.

சவ்வு வால்வு வைத்தவர்களுக்கும் மூன்று திங்களுக்கு அம்மாத்திரை உண்டு. அதன்பின் நிறுத்துவது வழக்கம். தங்கையைப் பொறுத்தவரை மருத்துவர் தயங்கினார். பல்லாண்டு நோயினால் அவள் இதயத்தின் இடது மேலறை பெருத்துப்போயிருந்தது. அவ்வறையின் பக்கவாட்டில், காது மடல் போன்ற ஒரு சிறு பை எல்லாருக்கும் உண்டு. குருதி அப்பைக்குள் புகுந்து உடனே வெளிவந்துவிட்டால் இடரில்லை. உள்ளேயே தங்கினால் உறையும். உறைந்த கட்டி கழன்று மூளைக்குச் சென்றால் கைகால் விழுந்துவிடும், அல்லது உயிரே போகும். துடிப்பு ஒழுங்காக இருந்தமையால் நிறுத்தலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. அறை பெருத்திருந்தமையால் நிறுத்தக் கூடாது என்று மறுபக்கம் தோன்றியது. ஐந்தாம் திங்களிலும் மாத்திரை தொடர்ந்தது.

அவளோ மலைக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் பக்கத்தில் வேலை செய்யும் இடத்தையே மலை என்பார்கள். முதலில் அரை நாள், பிறகு முழு நாள். அங்கே அவளுக்கு எதிரி அட்டைதான். மற்றப் பெண்களைப் போல அவளும் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டுதான் போவாள்; மழை பெய்தால் அது கரைந்துவிடும். பிறருக்கு அட்டைக்கடி ஓர் அரைமணியில் நின்றுபோகும் கசிவு. மாத்திரை உண்பவளுக்கு அது மாலைவரை நிற்காது. ஒருநாள் இடுப்பில் கட்டும் படங்கு முழுதும் நனைந்து, வேலையை மேற்பார்க்கும் கங்காணி அவளைத் தோட்டத்து மருந்தகத்துக்கு அனுப்பிவைத்தார். அட்டைக்கு அவள் மேல் தனி ஆசை, கெட்டிக் குருதியைக் காட்டிலும் நீர்த்த குருதி விழுங்க எளிது என்று பெண்கள் பகடி பேசினார்கள். அவள் அவர்களோடு சேர்ந்து சிரித்தாலும், என்னிடம் வந்து ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள்: மாத்திரை எப்போது நிற்கும்? நிற்காவிட்டால் மலையை விட வேண்டியதுதான். மலையை விட்டால் தானென்ன செய்வது என்பதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்நிலையில்தான் இதய மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். பல்கலைக்கழகப் பொறியியலாளர் ஒருவர், அறுவைக்குப் பிந்திய நோயாளரின் இதயப் படங்களைக் கொண்டு, குருதி எங்கே தங்குகிறது என்பதைக் கணினியில் கணித்து வருகிறார். இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது. ஆயினும் இத்தகைய இரண்டுங்கெட்ட நிலையில் அது ஒரு துணையாகலாம். தங்கைக்கு உடன்பாடா என்று கேட்டார். அவள் உடன்பட்டாள். மாத்திரையை நிறுத்தக்கூடிய எதற்கும் அவள் உடன்பட்டிருப்பாள்.

பொறியியலாளர் நாற்பதைக் கடந்த சிங்களப் பெண்மணி. மருத்துவமனையின் மேல்மாடியில் ஓர் அறை. அதில் அவரும், குறிப்பெடுக்கும் நடுவயது உதவியாளர் ஒருவரும். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் தங்கைக்குச் சொல்லவும், அவள் சொல்வதைச் சிங்களத்தில் திருப்பவும் ஏற்பாடு. அப்பொறுப்பை எவரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் கூறுகிறேன். உடலைக் குறுக்கே துண்டுதுண்டாக எடுத்த படங்களை அடுக்கி, இதயத்தின் இடது மேலறையைக் கணினிக்குள் அதே வடிவில் கட்டியெழுப்புகிறார்கள். அதன் வெளியை எண்ணற்ற சிறு கண்ணறைகளாகப் பகுக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் குருதி எவ்வளவு விரைவாக, எத்திசையில் செல்கிறது என்பதை நொடியின் சிறு சிறு கூறுகளுக்குக் கணிக்கிறார்கள். பல துடிப்புகளுக்கு இவ்வாறு ஓடவிட்டு, பைக்குள் புகுந்த குருதி வெளிவர எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்கிறார்கள். அந்நேரம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் உறையும் இடர் குறைவு. மேலே இருந்தால் மிகுதி. அறையின் வடிவம் ஒன்று மட்டும் போதாது. துடிப்பின் விரைவு, குருதியின் தடிப்பு ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். குருதி தடித்திருந்தால் ஒதுக்கிடங்களில் அது மேலும் மந்தமாகும்.

இவை அனைத்தையும் தூய தமிழில் பெயர்த்து நான் தங்கைக்குச் சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு தோட்டத்துக் கானை நினைவூட்டினேன். மழைநீர் வழிந்தோட மலையில் வெட்டியிருக்கும் கானில், வளைவான இடத்தில் தண்ணீர் போகாமல் சுற்றிச் சுற்றி நிற்கும். அங்கேதான் இலையும் சேறும் சேரும். “அந்த வளைவுல எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்குறாங்களா?” என்றாள். அவ்வளவுதான் செய்தி.

குருதியின் தடிப்பை அறிய அன்று காலை அவளிடமிருந்து சிறிது எடுத்திருந்தார்கள். அதன்பின் பொறியியலாளர் அவளது நாளைப் பற்றி வினவினார். எத்தனை மணிக்கு எழுவாள், எவ்வளவு நடப்பாள், சுமை எவ்வளவு. ஒவ்வொன்றையும் நான் பெயர்த்தேன், அவள் விடை சொன்னாள், நான் திருப்பினேன். அடுத்து, வேலை நேரத்தில் தண்ணீர் எவ்வளவு குடிப்பாள் என்று கேட்டார்.

இந்த வினாவை நான் பெயர்க்கவில்லை. எனக்கு விடை தெரியும் என்று எண்ணினேன். லயத்துக்கு அருகே ஊற்றுத்தண்ணீர்க் குழாய் உண்டு. மலைக்குப் போகும் பெண்கள் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவதைப் பிறந்ததுமுதல் பார்த்திருக்கிறேன். ஆகவே தோட்டத்தில் நல்ல நீருக்குக் குறைவில்லை, தங்கை வேண்டுமளவு குடிப்பாள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உதவியாளர் எழுதிக்கொண்டார்; காலையில் எடுத்த குருதியின் தடிப்பே வேலை நேரத்துக்கும் கொள்ளப்பட்டது. தங்கை என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

சில கிழமைகளில் முடிவு வந்தது. திரையில் அவள் இதயத்தின் அறை நிறங்களோடு தோன்றியது. ஓட்டம் விரைந்த இடங்கள் சிவப்பு; மந்தமானவை நீலம். பையின் அடியில் நீலம் இருந்தது. ஆயினும் தங்கும் நேரம் எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. பொறியியலாளர் ‘சற்றுக் கீழே’ என்பதை இருமுறை அழுத்திச் சொன்னார். மருத்துவர் பிற சோதனைகளையும் பார்த்துவிட்டு, இரண்டு கிழமை கழித்து வருமாறும், அன்று மாத்திரையை நிறுத்தும் எண்ணம் இருப்பதாகவும் கூறினார். பேருந்தில் திரும்பும்போது தங்கை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது அரிது.

குறித்த நாளை மருத்துவமனை ஒருநாள் முன்தள்ளியது. தங்கையின் தொலைபேசிக்கு மலையில் தொடர்பு கிட்டாது. எனவே நேரில் சொல்லிவரப் புறப்பட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது முற்பகல். பெண்கள் வேலையினிடையே சிறிது நின்று இளைப்பாறும் நேரம். ஏறிச் சென்ற களைப்பில் நான் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைப் பாதி குடித்துவிட்டு மீதியைத் தங்கையிடம் நீட்டினேன். அவள் வாங்கி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திருப்பித் தந்தாள். மற்றவர்களும் தங்கள் போத்தலிலிருந்து உதட்டை நனைத்தார்களேயன்றி ஒருவரும் குடிக்கவில்லை. வெயில் நன்றாகவே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

தங்கைக்கு அடுத்த நிரையில் பறிக்கும் பெண் ஒருத்தி, கூடையை இறக்கிவைத்துக்கொண்டே சொன்னாள்:

“குடிச்சிட்டு எங்கங்க மாஸ்டர் போறது? மேல ரோட்டு, கீழ கங்காணி. நடுவுல தேயில இடுப்பு மட்டுந்தான் நிக்குது. கவாத்து வெட்டுன மலைன்னா அதுவும் இல்ல. காலையில பெரட்டுக்கு வந்தா, பகல் நெறுவைய முடிச்சிட்டு லயத்துக்குப் போயித்தான் எங்களுக்கு தண்ணி.”

“மாஸ்டர் இத்தன வருசம் இந்த மலையில பொறந்து வளந்தும் தெரியலையாக்கும்,” என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் வேளை, விடிந்தவுடன் நடப்பது. பறித்த கொழுந்தை நிறுக்கும் பகல் நிறுவை உச்சிப்பொழுதில். இடையே ஐந்து மணிநேரத்துக்கு மேல். அவ்வளவு நேரமும் மேட்டில் ஏறியிறங்கும் உடலின் குருதி, மருத்துவமனையில் எடுத்த குருதியாக இருக்க முடியாது. மருத்துவமனைக்கு வந்த அன்று தங்கை காலையிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் குடித்திருந்தாள். அங்கே தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருந்தது.

அவளைத் தனியே அழைத்து, இதை ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அங்கன ஒரு ஆம்பள ஒக்காந்து எழுதிக்கிட்டிருக்காரு. நீங்க வேற பக்கத்துல. அதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க. நாலு பேரு மதிக்கிற மனுசன் சொன்னத நான் இல்லைன்னு சொல்லவா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இப்ப என்னத்துக்கு அதக் கிளறுறீங்க. சும்மா இருங்க அண்ணே. சொன்னா மாத்திரைய நிப்பாட்ட மாட்டாங்க.”

சும்மா இருப்பது எளிதாகத்தான் இருந்திருக்கும். எல்லைக்குச் சற்றுக் கீழே என்ற சொல் எனக்கு நினைவிருந்தது. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று கூறினேன். அவள் கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விட்டாள். அவள் மறுநாள் வருவாளா என்பதே எனக்கு ஐயமாக இருந்தது.

வந்தாள். மேல்மாடி அறையின் வாயிலில் என்னை நிறுத்தினாள். “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.” யார் மொழிபெயர்ப்பார் என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்ச சிங்களம் போதும். மரக்கறிக்கார அம்மாகிட்ட இருவது வருசமா என்ன பாசையில பேசுறேன்?”

உதவியாளரும் வெளியே அனுப்பப்பட்டார். அவரும் நானும் நடையில் கிடந்த வாங்குப் பலகையில் ஒருவரையொருவர் பாராமல் அமர்ந்திருந்தோம். உள்ளே முதலில் தங்கையின் குரல் தடுமாறித் தடுமாறிக் கேட்டது. பின் அந்த அம்மையாரின் குரல். பின் இருவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு இதுவரை சொல்லப்படவில்லை. வெளியே வந்த பொறியியலாளர் என்னிடம் கடிந்து பேசவில்லை. முதற்கணக்கை ஒதுக்கிவிட வேண்டும், மலையில் வேலை நடக்கும்போது எடுத்த குருதி வேண்டும் என்று மட்டும் கூறினார். தாம் இவ்வளவு நாளும் நோயாளரின் குருதியை அவர்கள் மருத்துவமனைக்கு வந்த வேளையிலேயே எடுத்து வந்ததாகவும், வேலையிடத்தில் எடுக்க வேண்டும் என்று தமக்கும் தோன்றவில்லை என்றும் சொன்னார். அதை எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியாது. நான் அதை ஆறுதலாகக் கொள்ளவில்லை.

மருத்துவர் எழுத்தில் கேட்டுக்கொண்டபடி, தோட்டத்து மருத்துவிச்சி ஒரு வேலைநாளில் பகல் நிறுவைக்கு முன் மலைக்குப் போய், தேயிலைப் பாத்தியிலேயே தங்கையை உட்காரவைத்துக் குருதி எடுத்தார். அன்று காலை, மருத்துவிச்சி வருமுன் ஒரு முழுப் போத்தல் தண்ணீரையும் குடித்துவிடும்படி தோழியர் அவளை நெருக்கியிருக்கிறார்கள். முடிவு நன்றாக வந்தால் மாத்திரை நிற்கும் அல்லவா? போத்தலைத் திறந்தும் விட்டாளாம். பின்னர் மூடிவைத்தாள். ஏன் குடிக்கவில்லை என்று பின்னொருநாள் கேட்டேன்.

“குடிச்சா அது எனக்குப் போடுற கணக்கு இல்லையே. வேற யாருக்கோ போடுற கணக்கு.”

அந்தக் குருதி தடித்திருந்தது. துடிப்பும் மருத்துவமனையில் இருந்ததைக் காட்டிலும் வேறுபட்டது. புதிய அளவுகளைக் கொடுத்து மீண்டும் ஓடவிட்டபோது, பைக்குள் குருதி தங்கும் நேரம் எல்லையைத் தாண்டியது. மிகவும் தாண்டிவிடவில்லை. பொறியியலாளர் மறைக்காமல் சொன்னார்: இவ்வெல்லை கல்லில் வெட்டியதன்று, சற்றுக் கீழும் சற்று மேலும் ஏறத்தாழ ஒன்றே, ஆயினும் முன்னைய முடிவை நம்பி நிறுத்தச் சொல்ல முடியாது. மருத்துவர் மாத்திரையைத் தொடர்ந்தார். நாலைந்து திங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம், அதற்கிடையில் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்.

தங்கை எனக்கு முகங்கொடுக்காமல் சில கிழமைகள் இருந்தாள். தீபாவளிக்குச் சென்றபோதும் தேத்தண்ணியை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அது அவளுக்கு உரிய சினம். நான் அதைத் தணிக்க முயலவில்லை.

தண்ணீர் குடி என்று சொல்வது எளிது. குடிப்பதற்கு வேண்டிய மற்றொன்றை மருத்துவர் எழுதித் தர முடியாது. பெண்கள் தோட்ட நிருவாகத்திடம் கேட்டார்கள்; பார்ப்போம் என்று விடை கிடைத்தது. பார்க்கும்வரை காத்திராமல், வெற்று உரப்பைகளைப் பிரித்துத் தைத்து ஒரு திரை செய்தார்கள். அன்றன்று பறிக்கும் மலைக்கு அதைச் சுருட்டி எடுத்துப்போய், இரண்டு நிழல்மரங்களுக்கிடையே கட்டினார்கள். யார் சுமப்பது என்று முறைவைத்துக்கொண்டார்கள். கங்காணி அதைப் பார்த்தும் பாராதவராக வேறு நிரைக்குப் போய்விடுவார் என்று கேள்விப்பட்டேன். இச்செய்திகள் எல்லாம் தங்கை எனக்குச் சொன்னவை அல்ல. அடுத்த நிரைப் பெண் பேருந்தில் சொன்னவை. காற்று மழை நாளில் திரை நில்லாது; அன்று மட்டும் பழையபடி உதட்டை நனைப்பதோடு சரி. மற்ற நாள்களில் தங்கை முற்பகலில் ஒரு போத்தலை முடித்துவிடுகிறாள் என்றும் அப்பெண்ணே கூறினாள்.

மழைக்காலம் கழிந்தபின் மருத்துவிச்சி இரண்டாம் முறை மலைக்குப் போனார். அதே வேளை, அதே நிறுவைக்கு முன். மூன்றாம் கணக்கில் தங்கும் நேரம் எல்லைக்குக் கீழே, இம்முறை நன்றாகவே கீழே வந்தது. மருத்துவர் அதை மட்டும் நம்பவில்லை. இதயத்தை ஒலியலைக் கருவியால் பார்த்தார்; பையில் கட்டி ஏதும் இல்லை; மேலறையும் சற்றுச் சுருங்கியிருந்தது; துடிப்பு ஒழுங்காக இருந்தது. மாத்திரையை நிறுத்தினார். அவர் அதைத் தங்கையிடம் நேராகச் சிங்களத்தில் சொன்னார். நான் வாயிலுக்கு வெளியே இருந்தேன்.

இதை எழுதும்போது அவள் மலையில் இருக்கிறாள். இதுவரை இடர் ஏதும் இல்லை. கணக்கு சரியாக இருந்ததால் இடர் இல்லையா, தண்ணீரால் இல்லையா, அல்லது முதற்கணக்கின்படி நிறுத்தியிருந்தாலும் ஒன்றும் நேர்ந்திருக்காதா என்பதை நான் அறியேன். பொறியியலாளரிடம் கேட்டேன், தாமும் அறியமாட்டார் என்றும், ஓர் ஆளை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றும் கூறினார். நான் அறிந்தது இவ்வளவே: என்னிடம் கேட்கப்படாத ஒரு வினாவுக்கு நான் விடை சொன்னேன், அவ்விடை அவளுடைய குருதியில் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டியது.

குருதியோட்டத்தையும் கணிப்பையும் பற்றி நான் எழுதியிருப்பவை, அறை வாயிலில் நின்றவன் விளங்கிக்கொண்டவை. பாய்மங்களின் இயக்கத்தைக் கற்றவர்கள் இதில் பிழை கண்டால் திருத்தித் தர வேண்டுகிறேன். மலையைப் பற்றி எழுதியிருப்பவற்றிலும் பிழை இருக்கக்கூடும். வேறு தோட்டங்களில், ராகலையிலோ மஸ்கெலியாவிலோ, பெண்கள் வேறு வகையாக நாளைக் கழிக்கிறார்கள் என்றால் அதையும் அறியத் தர வேண்டும். அத்திருத்தத்தை அவர்களே எழுதினால் நன்று. எழுத இயலாவிடின் தங்கள் சொல்லிலேயே சொல்லி, சொன்னபடி எழுதச் செய்து அனுப்பினால் ஏற்றுக்கொள்வேன்.